இங்கிலீஷ்காரன் வீட்டுப் படுக்கையறை

அந்த வீட்டுச் சுவரில் நான் முதன்முதலாகக் கத்தியை வைத்த நாளில், என் மகளைப் பற்றிக் கடைசியாகச் செய்தி வந்து ஒன்பது வாரங்கள் ஆகியிருந்தன.

அவளுக்கு அப்போது நாலு வயது. யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் இருந்தாள். நானும் கணவரும் பாரிஸில், லா சப்பலில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். கணவர் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று புதுப்பிக்கும் ஒரு தாள்தான் இந்த நாட்டில் எங்கள் இருவருக்கும் இருந்த பிடி. மகள் எனக்குப் பின்னால் இரண்டு மாதத்தில் வந்து சேர்வதாக ஏற்பாடு. அதற்குள் ஊரில் சண்டை மூண்டு, தபால் நின்றது, தொலைபேசியும் நின்றது.

எண்பதுகளின் கடைசி அது. ரூ பெர்தொனே தெருவில் எங்கள் ஆட்களின் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அவற்றில் ஒரு பலசரக்குக் கடைக்குத்தான் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதலில் போவார்கள். ஞாயிறுதோறும் காலையில், மாலை வேலைக்கு முன், கணவர் அந்தக் கடை வாசலில் போய் நிற்பார். புது முகம் கண்டால் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்பார். மத்தியானம் திரும்பி வருகிறபோது படியில் அவருடைய காலடியைக் கேட்டே எனக்குத் தெரிந்துவிடும், ஒன்றும் இல்லை என்று.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு புதுச்சேரி அம்மா இருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் கந்தோரில் வேலை. ஞாயிறு பூசைக்குப் போகிறபோது மட்டும் சேலை கட்டுவார். நான் நாள் முழுவதும் அறையில் தனியே இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"ஏம்மா, இப்பிடியே உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும். எனக்குத் தெரிஞ்ச மதாம் ஒருத்தங்க இருக்காங்க. வீடு கூட்டித் தொடைக்க ஆள் வேணுமாம். காலையில மூணு மணி நேரம். போறியா?"

"எனக்குப் பிரெஞ்சு வராது அன்ரி."

"தரையைத் தொடைக்க எதுக்குப் பிரெஞ்சு? வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

இப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பி, ஓர் இரும்புக் கதவைத் தாண்டினால், சுற்றியிருந்த உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல்லில் ஒரு தனி வீடு நின்றது. ரயில்பாதை போட வந்த ஓர் ஆங்கிலேய எஞ்சினியர் நூறு வருடத்துக்கும் முன் தன் நாட்டு முறையில் கட்டியது. அக்கம்பக்கத்தில் அதற்கு 'இங்கிலீஷ்காரன் வீடு' என்றுதான் பெயர். வீட்டுக்கார மதாமோ விக்டோரியா ராணியின் காலத்து வீடு என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்வார். ஜன்னல்கள் மற்றப் பாரிஸ் ஜன்னல்களைப் போல உள்பக்கமாகத் திறப்பதில்லை. கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கவேண்டும். பாதி ஜன்னல்கள் தூக்கினாலும் நிற்காமல் விழுந்தன.

மதாம் எழுபதை நெருங்கியவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கீழ்மாடியில் ஒரு சிறிய அறையில் படுத்து, சமையலறையில் வாழ்ந்தார். நான் கூட்ட வேண்டியது கீழ்மாடியையும் படிகளையும்தான். மேலே மூன்று படுக்கையறைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு குளிர்காலத்தில் கூரை ஒழுகி அறைகள் நனைந்துவிட்டன, கூரையை மட்டும் திருத்தி அறைகளை அப்படியே விட்டுவிட்டார் என்று புதுச்சேரி அம்மா சொல்லியிருந்தார்.

மூன்றாம் வாரம், படி துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. எலி என்று நினைத்து ஏறிப்போனேன். பெரிய அறையின் கதவு திறந்திருந்தது. மதாம் ஒரு மர ஏணியில் மூன்றாவது படியில் நின்று, மரக்கறி வெட்டும் கத்தியால் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. ஏணி ஆடியது. நான் போய் அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கினேன். கத்தியை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அவர் விழுந்துவிடுவார் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, ஒரு சுவரைச் சுரண்ட வேண்டும் என்று என் கைகளுக்கே ஒரு வெறி இருந்தது.

அவருடைய கதையை அன்று பின்னேரம் புதுச்சேரி அம்மா வந்து எனக்குத் தமிழில் சொன்னார். மதாமுக்கு இரண்டு வயது இளைய ஒரு தங்கை. இருவரும் அந்த வீட்டிலேயே பிறந்து, அந்தப் பெரிய அறையிலேயே ஒன்றாகப் படுத்து வளர்ந்தவர்கள். தங்கைக்குக் கலியாணம் ஆகவில்லை. முதுமையில் நினைவு தப்பத் தொடங்கியது. இரண்டு முறை காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்து போய்விட்டார். பிறகு மதாம் அவரை ஒரு முதியோர் விடுதியில் சேர்த்தார். மூன்று வருடமாக அங்கேதான். இப்போது அந்த விடுதியில் ஒரு மாடியை மூடப் போகிறார்கள். மார்ச் முடிவுக்குள் தங்கையை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

"அந்த அறை பழையபடி ஆயிடுச்சின்னா, தங்கச்சிக்கு எல்லாம் ஞாபகம் வந்துடும்னு இவங்க நம்பறாங்க. வேலைக்காரங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாங்களாம். ஒருத்தன் எல்லாத்தையும் இடிச்சுட்டுப் பலகை அடிக்கலாம்னானாம். இன்னொருத்தன் இந்த மாதிரி பேப்பர் இப்ப உலகத்துலயே கிடையாதுன்னுட்டானாம்."

மதாம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என்னிடம் தந்தார். கறுப்பு வெள்ளை. இரண்டு சிறுமிகள் ஓர் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுவர் முழுக்கக் கிளைகளும் இலைகளும், ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேரிக்காயும். இளையவள் கமராவைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊரில் தையல் ஆசிரியையாக இருந்தவள். தலையணை உறையிலும் மேசை விரிப்பிலும் பூ அச்சு வைக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். தடித்த அட்டைக்கு எண்ணெய் பூசிக் காயவைத்து, பூ வருமிடத்தை வெட்டி எடுத்து, துணிமேல் வைத்துத் தூரிகையால் குத்திக் குத்திச் சாயம் ஏற்றுவது. சுவரும் ஒரு பெரிய துணிதானே.

"இந்தப் பேப்பர் கிடைக்காட்டி நான் அச்சு வைச்சுச் சுவரிலையே கீறுவன் எண்டு சொல்லுங்கோ அன்ரி."

அவர் சொன்னார். மதாம் என்னைப் பார்த்தார். நம்பினாரா தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் எனக்கு ஒரு பழைய ஆண் சட்டையும், தலைக்குக் கட்ட ஒரு துணியும், அகலமான சுரண்டு தகடும் எடுத்து வைத்திருந்தார். மூன்று மணி நேரம் என்பது அதோடு போயிற்று. காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவேன்.

அந்தச் சுவரில் காகிதத்துக்கு மேல் காகிதம் நாலு படை இருந்தது; அடியிலிருந்த முதல் படை ஈரத்தில் ஊறி நிறம் போய் வெறும் பழுப்பாகத்தான் உரிந்தது. வெந்நீரைப் பஞ்சால் தோய்த்து ஊறவிட்டு, தகட்டைச் சாய்த்துப் பிடித்து உரிக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் காரை கிளம்பிவிடும். முதல் இரண்டு நாளில் எத்தனையோ இடங்களில் காரையைப் பெயர்த்துவிட்டேன். நனைந்த மூலையில் காரை தானாகவே விழுந்து, உள்ளே மெல்லிய மரச்சட்டங்கள் தெரிந்தன. பிளாஸ்டரைக் குழைத்து அப்பக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் தாமதித்தால் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். மதாம் குழைப்பார், நான் அப்புவேன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருபது முப்பது சொற்கள்தான் இருந்தன: தண்ணீர், இன்னும், போதும், மேலே, கவனம், சாப்பிடு.

அந்த நாட்களில்தான் நான் ஒரு பேரம் பேசினேன். கோயிலுக்கு நேர்த்தி வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அதனால் சுவரோடு பேசினேன். மதாமின் தங்கை வருகிறதுக்கு முதல் இந்த அறையை ஒரு காய், ஓர் இலை பிசகாமல் முடித்தேனென்றால் என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். முடிக்காவிட்டால் இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்ற பயம் வேறு.

நிறத்தில் முதல் இடி விழுந்தது. அறை நீலம் என்று மதாம் முதல் நாளே சொல்லியிருந்தார். வெளிர் நீலம், பேரிக்காய்கள் வெள்ளை. கடைக்காரரிடம் சொல்லி நீலப் பெயின்ட்கூட இரண்டு தகரம் வாங்கி வைத்துவிட்டார். சனவரியில் ஒரு நாள், கணப்பு அடுப்புக்கு மேலே சுவரோடு பொருத்தியிருந்த பெரிய கண்ணாடியை இரண்டு பேருமாகக் கழற்றினோம். கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சமே படாத இடத்தில், முதல் படைக் காகிதம் ஒரு முழ அகலத்துக்கு அப்படியே ஒட்டியிருந்தது. கிளை, இலை, இரண்டு காய், எல்லாம் அச்சொட்டாக இருந்தன. ஆனால் அடி நிறம் நீலமில்லை. செங்கல் சிவப்பு. காய்கள் மங்கிய பால் நிறம்.

மதாம் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீலம்" என்றார். "நீலமாகத்தான் இருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு வியாழனும் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நம்முடைய நீல அறை, நம்முடைய நீல அறை என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் பொய்யா சொன்னேன்?"

அவ்வளவு நீளமாக அவர் பேசியது எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தை அவருடைய முகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த பிரெஞ்சில், "சுவர் சிவப்பு, மதாம். சுவருக்குத் தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு, எனக்கென்ன உரிமை என்று பயந்தேன். அவர் எழுந்து கீழே போய்விட்டார். அன்று முழுக்க மேலே வரவில்லை. மறுநாள் நான் போனபோது நீலத் தகரங்கள் இரண்டும் வாசலுக்கு வெளியே இருந்தன. சிவப்புக் கலக்கி எடுக்க எங்களுக்கு ஆறு நாள் பிடித்தது. கலந்து, காயவிட்டு, அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி கலந்தோம்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, கணவர் வழக்கத்தைவிட முந்தி வந்தார். கதவைச் சாத்திவிட்டு மேலங்கியைக் கழற்றாமலே நின்றார்.

"எங்கட ஒழுங்கைக்குப் பக்கத்துத் தெருப் பெடியன் ஒருத்தன் வந்திருக்கிறான்" என்றார். "ஷெல் விழுந்ததாம். எங்கட பக்கம் ஆக்கள் முழுக்க எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்திலை இருந்தவையாம். பிறகு அங்கையும் விழுந்ததாம்."

"அக்கா?"

"தெரியாது."

"பிள்ளை?"

"ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு தனக்குத் தெரியாதாம். தான் அண்டைக்கே வெளிக்கிட்டிட்டானாம்."

நான் அழவில்லை. அடுப்பில் சோறு இருந்தது. இறக்கி வைத்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போவதில்லை. கதவைத் திறந்த மதாம் ஏன் என்று கேட்கவில்லை. மேலே போய்க் காய் வடிவம் வெட்டிய அட்டையைச் சுவரில் பொருத்திக் காய்களை வைக்கத் தொடங்கினேன். இரண்டு சுவர் முடிந்திருந்தது. இரண்டு இருந்தது.

அன்றிலிருந்து மார்ச் வரைக்கும் எப்படி இருந்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. சாப்பிட்டால் வாந்தி வந்தது. நடக்கிறபோது தெருவில் எந்தப் பிள்ளையின் குரல் கேட்டாலும் நின்றுவிடுவேன். சுவருக்கு முன்னால் நிற்கிறபோது மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது. தூரிகையை எவ்வளவு நனைக்கவேண்டும், எத்தனை முறை துணியில் ஒற்றவேண்டும், அட்டையை எடுக்கிறபோது எந்த மூலையை முதலில் கிளப்பவேண்டும் என்று மட்டுமே யோசித்தேன்.

கணவருக்கு விடுமுறை திங்கட்கிழமை. ஜன்னல்களைத் திருத்தித் தருகிறேன் என்று ஒரு திங்கள் என்னோடு வந்தார். சட்டத்தின் பக்கப் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு கூடு. அதற்குள் நீளமான இரும்புக் குண்டொன்று அறுந்த கயிற்றோடு விழுந்து கிடந்தது. அந்தக் குண்டின் பாரம்தான் கண்ணாடியை மேலே பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, புதுக் கயிறு கட்டி, கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். அது நின்றது. மதாம் கை தட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு கணவர் சிரித்ததை அன்று பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் மூன்றாவது சுவரில் அரைவாசியைச் சிவப்புப் பெயின்டால் மூடிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்? அது முடிஞ்ச சுவர்தானே?"

"ஒரு விரல் அளவு சரிஞ்சு போச்சு. திரும்ப வைக்கவேணும்."

"ஆர் பாக்கிறது? அந்த மனுஷிக்கு எழும்பி நிக்கவே ஏலாதாம். உமக்கு விசரோ?"

"ஓம், விசர்தான்."

"கண்ணாடியிலை உம்மட முகத்தைப் பாத்தனீரோ? பிள்ளை வந்தா உம்மை அடையாளம் பிடிக்காது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஏதோ அறுந்தது. "பிள்ளை வருமோ? எப்பிடி வரும்? நீங்கள்தானே எங்களைக் கூப்பிட்டனீங்கள்!" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"நான் நில்லும் எண்டு சொன்னனான். பிள்ளைக்குச் சுகம் வந்தாப்போலை ரெண்டு பேரும் வாங்கோ எண்டு சொன்னனான். நீர்தான் வந்தனீர்."

உண்மை. கொழும்பில் லொட்ஜில் இருந்தபோது மகளுக்குச் சின்னமுத்து போட்டது. முகமெல்லாம் பொரிப் பொரியாக இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையோடு விமானத்தில் ஏறமுடியாது, நாளைக்கு ஆள் போகவேண்டும், நீங்கள் வருகிறீர்களா, அடுத்த ஆளைக் கொண்டு போகவா என்று கேட்டான். கணவர் தொலைபேசியில் நில்லும் என்றார். வழியனுப்ப வந்திருந்த அக்காவும் நில்லடி என்றாள். இந்த இடம் போனால் இன்னொரு இடம் எப்போது வரும், வருமா என்று நான்தான் பயந்தேன். விடிய நாலு மணிக்கு அவள் நித்திரையாக இருந்தாள். எழுப்பினால் அழுவாள் என்று எழுப்பாமல் வந்தேன். அவளுக்கு நான் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை.

கணவர் போன பிறகு, என்ன சண்டை என்று மதாம் கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி வைத்தேன். "மகள். நோய். நித்திரை. நான் போய்விட்டேன். சொல்லவில்லை." அவர் பிளாஸ்டர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். விரலை மடக்கித் தன்னைக் காட்டி, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நான், தங்கையிடம், ஒரு வாரம் என்று சொன்னேன். ஒரு வாரம். அவள் சின்னப் பையோடு வந்தாள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றவில்லை. தேற்ற என்ன இருந்தது? அவர் எழுந்து தூரிகைகளைக் கழுவினார். நான் சுவருக்குத் திரும்பினேன்.

வேலை முடிந்தது. மார்ச் கடைசி வாரத்தில், நாலு சுவரும் முடிந்து, மரவேலைக்கெல்லாம் பால் நிறம் அடித்து, தரைப்பலகையை மெழுகு போட்டுத் தேய்த்து, பழைய இரும்புக் கட்டிலைப் பரணிலிருந்து இறக்கிக் கறுப்புப் பூசி, திரை தைத்துத் தொங்கவிட்டேன். புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. பக்கத்து அறைக்கு நேரம் இருக்கவில்லை. காரையை மட்டும் பூசி வெள்ளையடித்துவிட்டிருந்தோம். அதில் ஒரு மெத்தையும் பெயின்ட் தகரங்களும் கிடந்தன. மூன்றாவது அறையைத் திறக்கவே இல்லை.

தங்கையை அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். மதாம் நாவல் நிற உடுப்பு உடுத்தித் தலைமுடி சீவி வாசலில் நின்றார். புதுச்சேரி அம்மாவும் லீவு போட்டு வந்திருந்தார். இறங்கியவர் மிகச் சிறியவராக இருந்தார். கை பிடித்தால் நடந்தார். அவரைப் படியில் ஏற்றிக் கொண்டுபோனோம். மதாம் முன்னால் போய்ச் சிவப்பு அறையின் கதவைத் திறந்தார்.

தங்கை வாசலில் நின்றார். சுவரைப் பார்த்தார். பிறகு அவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவு நிலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மதாம் தோளில் கை வைத்து, "நம்முடைய அறை, பார், நம்முடைய கட்டில்" என்றார். தங்கை அந்தக் கையைத் தட்டிவிட்டு, "வேண்டாம் மதாம், வேண்டாம் மதாம், என்னை வீட்டுக்கு விடுங்கள்" என்று கத்தினார். தன் அக்காவை மதாம் என்று கூப்பிட்டார். விலகி, சுவரைத் தடவித் தடவிப் போய்ப் பக்கத்து வெள்ளை அறைக்குள் புகுந்து, தகரங்களுக்கு நடுவே இருந்த மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மதாம் சிவப்பு அறையின் நடுவில் அப்படியே நின்றார்.

நான் படியிறங்கி வெளியே வந்துவிட்டேன். மேலங்கி எடுக்கவில்லை. அறை முடிந்தது, ஆனால் அந்த மனுஷி அதற்குள் வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? என் பேரத்தில் இது எந்தப் பக்கம்? ரயில்பாதைக்கு மேலே உள்ள பாலத்தில் போய் நின்று கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ரயில்கள் போயின, வந்தன. என்ன நினைத்தேன் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எழுத விருப்பமில்லை. சந்தை வண்டில் இழுத்துக்கொண்டு வந்த ஒரு வயோதிப மாது என்னருகே நின்று, சுகமா மதாம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். சுகம் என்றேன். அவர் போகவில்லை. நான் கையை வலையிலிருந்து எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு எனக்குக் குளிர்ந்தது. திரும்பி நடந்தேன்.

தங்கை வெள்ளை அறையிலேயே இருந்தார். மதாம் அந்த அறைக்கே கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிலநாள் கழித்துத் தங்கை பகலில் எழுந்து சிவப்பு அறைக்குத் தானாகப் போகத் தொடங்கினார். ஜன்னலோரத்தில் நின்று நகத்தால் சுவரைச் சுரண்டுவார். ஒரு காயை மெதுவாக, பொறுமையாக, முழுவதும் சுரண்டி எடுத்த பிறகு அடுத்த காய்க்குப் போவார். முதல்முறை பார்த்தபோது எனக்கு அவருடைய கையைப் பிடித்து முறிக்கவேண்டும் போல் ஆத்திரம் வந்தது. மதாம் என்னைத் தடுத்தார்.

"விடு. இங்கே வந்த பிறகு அவள் தானாகச் செய்கிற ஒரே வேலை அது" என்றார்.

ஏப்ரலில் அக்காவின் கடிதம் வந்தது. யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து தபாலில் போட்டது. உள்ளே ஒரு கொப்பித் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு சின்னப் பாதம். 'இவவுக்குச் செருப்பில்லை. இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தோம். அளவு வரைந்திருக்கிறேன். ஆரும் வந்தால் குடுத்துவிடு. வளருறா, ஒரு விரல் கூட வைச்சு வாங்கு' என்று எழுதியிருந்தாள். கணவர் அந்தத் தாளைத் தரையில் வைத்து, பக்கத்தில் தானும் முழங்காலில் இருந்து, விரலால் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடிதம் எழுதி எட்டு வாரம் ஆகியிருந்தது. எட்டு வாரத்தில் என்னவும் நடந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அவர், "வாயை மூடும்" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

தங்கை ஆகஸ்டில் காலமானார். ஜன்னலோரத்தில் அவர் சுரண்டிய இடம் அதற்குள் ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. மதாம் அதற்கு மேலே பெயின்ட் அடிக்க விடவில்லை. அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். தூரத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டை விற்றார். வாங்கியவர்கள் உள்ளே எல்லாவற்றையும் இடித்து அப்பார்ட்மெண்ட்களாகப் பிரித்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அதற்குள் எங்களுக்கு அகதிப் பத்திரம் கிடைத்துவிட்டது. புதுச்சேரி அம்மா ஒரு பெயின்ட் கம்பெனியில் எனக்குக் காகிதம் ஒட்டும் வேலை எடுத்துத் தந்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ படுக்கையறைகளுக்கு ஒட்டியிருக்கிறேன். பூ பொருந்துகிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பேன். அவ்வளவுதான்.

மகள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆறரை வயது. விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தோடு வந்தாள். தலையைப் படிய வாரி இரட்டைப் பின்னல். நான் முழங்காலில் இருந்து கையை விரித்தேன். அவள் என்னைத் தாண்டி யாரையோ தேடினாள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பாலைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவனமாகக் கழுவி வைத்து, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"அன்ரி, எங்கட அம்மா எப்ப வருவா?"

தன்னை வளர்த்த என் அக்காவைத்தான் கேட்டாள். நான் அவளுடைய பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். நான்தான் அம்மா என்று சொல்லும்படி கணவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டுவாள். பிறகு அன்ரி என்பாள். கொழும்பில் அவளை எழுப்பாமல் வந்ததை அவளிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொல்லவில்லை. அவள் வளர்ந்த பிறகுதான் சொன்னேன். தனக்கு அது நினைவில்லை என்றாள்.

பள்ளிக்கூடம் தொடங்கி ஏழாம் மாதம் ஒரு நாள், நாலரை மணிக்கு நான் வாசலில் நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். மற்றப் பிள்ளைகள் தங்கள் தாய்மாரைக் கூப்பிடுகிறபடியே, அதே ராகத்தில், அவளும் பிரெஞ்சில் "மமோன்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். பையை என் கையில் தந்துவிட்டு, பசிக்கிறது என்றாள். கிட்ட இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஒரு பாண் வாங்கிக் கொடுத்தேன். நடந்துகொண்டே சாப்பிட்டாள்.